கீழ கான்கிரீட், மேல மரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கீழ்மாடி செங்கல் கான்கிரீட், மேல்மாடி பலகை, மேல தகரம்னு நம்ம பர்மால தெருவுக்குத் தெரு நிக்குற வீடு, பர்மாக்காரங்க தைக்கான்னு சொல்றாங்களே அந்த வீடு. அதனால டைல்ஸ், பெயிண்ட் கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

அண்ணே, அப்பா காலத்து வீடு, தூண் எல்லாம் பியிங்கடோ மரம். கரையான் வராம இருக்கும்னு கொத்தனார் சொன்னதால சில வருஷம் முன்னாடி ஒவ்வொரு தூணோட அடியையும் சுத்தி முழம் உயரத்துக்கு கான்கிரீட் போட்டு மூடிட்டோம். இப்போ ரெண்டு தூண்ல கான்கிரீட் முடியுற இடத்துல ஸ்க்ரூ டிரைவர் வச்சா உள்ள போகுது. பியிங்கடோ இரும்பு மாதிரின்னு சொல்லுவாங்களே, அது எப்படி மக்கும்?
(மோல்மீன் வாசகர்)

தம்பி, பியிங்கடோவ குறை சொல்லாதீங்க, அது வைரம் பாய்ஞ்ச கட்டைதான், தப்பு அந்தக் கான்கிரீட் சட்டையில இருக்கு. மரம் நனையுறதால மட்டும் மக்குறது இல்ல, நனைஞ்சிட்டு காய முடியாம இருந்தாதான் மக்கும். மரத்துக்குள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்குற வரைக்கும் பூஞ்சை வளராது, அதத் தாண்டி ரொம்ப நாள் அப்படியே நின்னா வைரம் கூட தாங்காது, வைரம் பாயாத வெளிப்பக்க வெள்ளைக்கட்டைன்னா சீக்கிரமே போயிடும். உங்க ஊர்ல வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் கிட்ட மழை, ரங்கூன்ல பெய்யுறத விட முக்கால் மடங்கு அதிகம். கான்கிரீட் போட்டப்போ தூண ஒட்டி இறுக்கமா இருந்திருக்கும், அப்புறம் வெயில்ல மரம் கொஞ்சம் சுருங்கும், கான்கிரீட் சுருங்காது, நடுவுல முடி அளவுக்கு ஒரு சந்து விழும். மழைத்தண்ணி தூண்ல வழிஞ்சு அந்த சந்துக்குள்ள இறங்கிடும், வெளிய வர வழி இல்ல. கீழ இருந்து வேற கான்கிரீட் விளக்குத் திரி மாதிரி மண்ணுல இருக்குற ஈரத்த மேல இழுக்கும். அதனாலதான் மக்கல் எப்பவும் கான்கிரீட் விளிம்புல ஆரம்பிக்குது. கரையான் வராதுன்னு சொன்னதும் சரியில்ல, கான்கிரீட் மேலயே மண்குழாய் கட்டி ஏறிடும், சந்துக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாம ஏறும்.

அமரபுரால ஊ பெய்ன் பாலம் பாத்திருப்பீங்க. 1850 வாக்குல தேக்குல கட்டுனது, ஆயிரத்துக்கு மேல தூண். மக்கிப்போன தூணுக்கு பதிலா சில இடத்துல இப்போ கான்கிரீட் தூண் நிக்குது. எப்பவும் தண்ணிக்குள்ளயே இருக்குற கட்டைக்கு காத்து கிடைக்காது அதனால மக்காது, எப்பவும் காஞ்சு இருக்குற கட்டையும் மக்காது, நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு நிக்குற அந்த நடு இடம்தான் போகும். நீங்க உங்க தூணுக்கு அந்த நடு இடத்த கையால செஞ்சு குடுத்திருக்கீங்க.

என்ன செய்யணும்னா, மொதல்ல எல்லாத் தூணுக்கும் அந்தக் கான்கிரீட் சட்டைய உடைச்சு எடுங்க, நல்லா இருக்குற தூணுக்கும் சேர்த்துதான். மக்குன ரெண்டுக்கும் பக்கத்துல ஜாக்கி வச்சு உத்திரத்த தாங்கிட்டு, நல்ல கட்டை வர்ற வரைக்கும் அடிய அறுத்துடுங்க, மக்கல் தெரியுற இடத்துக்கு மேல இன்னும் ஒரு அடி சேர்த்து அறுக்குறது நல்லது ஏன்னா பூஞ்சை கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் மேல போயிருக்கும். கீழ புதுசா அஸ்திவாரம் எடுத்து கம்பி கட்டி, தரைக்கு மேல ஒன்றரை அடி நிக்குற மாதிரி கான்கிரீட் குட்டைக்கால் போடுங்க. அதுக்குள்ள ரெண்டு தடிச்ச இரும்புப் பட்டைய வார்க்கும்போதே நட்டு வச்சு, அந்தப் பட்டைங்களுக்கு நடுவுல தூண் நிக்கணும், தூணோட அடி கான்கிரீட்ட தொடவே கூடாது, ஒரு இஞ்ச் தூக்கி வெல்டிங் பண்ணுன தகடு மேல உக்காரணும், தகட்டுல தண்ணி வடிய ஓட்டை இருக்கணும். மரத்தோட அறுத்த முனை பக்கவாட்ட விட பல மடங்கு தண்ணி குடிக்கும், அதனால அந்த முனைக்கு தார் ரெண்டு மூணு தடவ நல்லா பூசுங்க. தூணுக்கு ரெண்டு போல்ட், கால்வனைஸ் பண்ணுனது, பெரிய வாஷரோட. அரை இஞ்ச் போல்ட்டுன்னா கட்டை முனைல இருந்து மூணரை இஞ்ச் தள்ளி துளை போடுங்க, கிட்டப் போட்டா கட்டை பிளந்துடும். ஒரு வருஷம் கழிச்சு நட்ட திரும்ப ஒரு தடவ முடுக்குங்க.

செட்டிநாட்டு வீட்டுல இங்கேருந்து போன தேக்குத் தூண் நிக்குது பாருங்க, அடியில கல் பீடம் இருக்கும். அழகுக்கு வச்சதுன்னு நினைச்சுக்குறாங்க.

நிலநடுக்கத்துக்கு அப்புறம் சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் முழுசா கான்கிரீட்டா கட்டுங்கறாரு, இன்னொருத்தர் மரந்தான் பாதுகாப்புங்கறாரு. நாங்க கீழ கடையும் மேல வீடுமா தைக்கான் கட்டலாம்னு இருக்கோம். எது சரி?
(பெகு வாசகி)

அம்மா, உங்க ஊர்ல இருந்துகிட்டு இத கேக்குறது ரொம்ப நியாயம். பூமிக்கு அடில இருக்குற சகாயிங் பிளவு வடக்குல இருந்து மாண்டலே, நேப்பிடா பக்கம் வந்து பெகு வழியா கடலுக்கு இறங்குது. 2025 மார்ச் 28 அன்னைக்கு 7.7 அளவுல மாண்டலே சகாயிங் பக்கம் ஆடுனது அதே பிளவுதான், 1930 மே 5 அன்னைக்கு பெகுவ தரைமட்டமாக்கி ஷ்வேமோடோ பகோடாவ சாய்ச்சதும் அதே பிளவுதான்.

நிலநடுக்கத்துல வீட்ட இழுக்குற விசை வீட்டோட எடையப் பொறுத்தது. நாலு இஞ்ச் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 23 கிலோ கிட்ட வரும். பியிங்கடோ கனமான மரம்தான், இருந்தாலும் ஒரு இஞ்ச் பலகையும் கீழ இருக்குற சட்டமும் சேர்த்து அஞ்சு கிலோவத் தாண்டாது. மேல்மாடி லேசா இருந்தா கீழ இருக்குற பில்லருக்கு வேலை குறைவு, அந்தக் கணக்குல தைக்கான் நல்ல யோசனைதான், உங்க மரக்கட்சி சொந்தக்காரர் பாதி சரி.

மீதிப் பாதி அந்தக் கடை. கடைன்னதும் முன்பக்கம் முழுசா ஷட்டர், ரெண்டு பக்கம் சுவர், பின்பக்கம் ஒரு கதவு. குறுக்கால ஆடும்போது தாங்க முன்பக்கம் ஒண்ணுமே இல்ல, நாலு ஒல்லி பில்லர் மேல வீடு நிக்குது, அது மடங்குனா மேல்மாடி எவ்வளவு லேசா இருந்தும் பிரயோஜனம் இல்ல. மாடி வீடு விழுந்த படங்கள்ல கீழ்மாடி மட்டும் காணாம போய் மேல்மாடி முழுசா கீழ உக்காந்திருக்கும், கவனிச்சிருப்பீங்க. அதனால ஷட்டர ரெண்டா பிரிச்சு நடுவுலயோ ஓரத்துலயோ கம்பி கட்டுன கான்கிரீட் சுவர் நாலடி அகலத்துக்காவது விடச் சொல்லுங்க, பின்பக்கமும் அதே மாதிரி, எவ்வளவு அகலம் எவ்வளவு கம்பின்னு எஞ்சினியர் கணக்கு போட்டு சொல்லணும். பில்லர் 9 இஞ்சுக்கு ஒத்துக்காதீங்க, 12 இஞ்ச் கேளுங்க. பில்லரோட மேல் முனையும் கீழ் முனையும்தான் உடையுற இடம், அங்க கம்பிகளச் சுத்திக் கட்டுற ரிங்க நாலு இஞ்சுக்கு ஒண்ணா நெருக்கமா கட்டணும், ரிங்கோட கொக்கிய 135 டிகிரி உள்பக்கமா மடக்கணும். கம்பி கட்டுறவங்க வேகமா முடிக்க 90 டிகிரில விட்டுடுவாங்க, சாதாரண நாள்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆடும்போது மேல் பூச்சு உதிர்ந்ததும் அந்த ரிங் திறந்துகிட்டு கம்பி வெளிய பிதுங்கிடும். கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி நீங்களே போய் கண்ணால பாருங்க, ஊத்துனதுக்கு அப்புறம் யார் சொல்றதையும் நம்பித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, மேல்மாடிக்கு பி.என். போடலாம்னு மேஸ்திரி சொல்லுவாரு, மரச் சட்டத்துக்கு நடுவுல செங்கல் அடைக்குறது. பாக்க கெத்தா இருக்கும், சத்தமும் கம்மி, ஆனா மரம் சுருங்குனதும் செங்கல் பலகம் தனியா நிக்கும், ஆட்டத்துல தெருப்பக்கமா விழும். ஏற்கனவே அப்படிக் கட்டிட்டவங்க சட்டத்துல இருந்து நாலு வரிசைக்கு ஒரு தடவ ஆணியோ கம்பியோ செங்கல் இடுக்குக்குள்ள விட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ரெண்டு பக்கமும் கம்பி வலை அடிச்சு சட்டத்தோட சேர்த்து பூசுங்க. புதுசா கட்டுறவங்களுக்கு பலகையே போதும், மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் கண்டிப்பா இருக்கணும். வெறும் நேர்ச் சட்டம் வச்ச பலகை வீடு சாய்ஞ்சு போகும், விழாது ஆனா கதவு எதுவும் மூடாது.

அப்புறம் மேல்மாடி மரத் தூண கீழ் கான்கிரீட் பீமோட எது பிடிக்குதுன்னு கேளுங்க. "எடைதான் பிடிச்சுக்கும்"னு யாராவது சொன்னா அவர்கிட்ட வேலை குடுக்காதீங்க. அமெரிக்கால வீடு கட்டுற விதிமுறைல மரத்த கான்கிரீட்ல பிடிக்க அரை இஞ்ச் போல்ட், ஏழு இஞ்ச் ஆழம், ஆறடிக்கு ஒண்ணு, ஒவ்வொரு கட்டையோட முனைல இருந்தும் ஒரு அடிக்குள்ள ஒண்ணுன்னு இருக்கு. அது குறைஞ்சபட்சம், பெகுவுக்கு அத விட நெருக்கமாவே வைங்க. போல்ட்ட வார்க்கும்போதே வைக்கணும், காஞ்ச அப்புறம் துளை போட்டு சிமெண்ட் பால ஊத்துறது போல்ட்டு வச்ச மாதிரி ஆகாது. கான்கிரீட்டுக்கும் அது மேல படுக்க வைக்குற அடிக்கட்டைக்கும் நடுவுல தார் ஷீட் ஒண்ணு விரிங்க, மோல்மீன்காரருக்குச் சொன்ன அதே காரணம்தான்.

மாமியாருக்கு படி இறங்க முடியல, மேல்மாடி பலகைத் தரை மேலயே பாத்ரூம் கட்டலாமா? பலகை மேல சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு.
(சிரியம் வாசகி)

ஒட்டித் தருவாரு, ஒட்டும். பலகை நடந்தா அமுங்கும் டைல்ஸ் அமுங்காது, அதனால சில மாசத்துல இடுக்கு வெடிக்கும், அதுல தண்ணி இறங்கி பலகைக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவுல தேங்கும், கீழ இருந்து பாத்தா சீலிங்ல கறை தெரியுற நேரத்துக்கு சட்டம் போயிருக்கும். கான்கிரீட் பாத்ரூம்தான் வேணும்னா வீட்டுக்குப் பின்னால தரைல இருந்து தனி பில்லர் எழுப்பி மேல்மாடி உயரத்துக்கு தளம் போட்டு அதுல கட்டுங்க. அத மர வீட்டோட ஒட்டாதீங்க, ரெண்டு இஞ்ச் இடைவெளி விடுங்க, ஏன்னா ஆட்டம் வந்தா மரம் ஒரு மாதிரியும் கான்கிரீட் ஒரு மாதிரியும் ஆடும், ஒட்டி இருந்தா ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கும். அந்த இடைவெளி மேல தகடு மடக்கி மூடுனா மழை வராது, நடக்க வாசப்படில ஒரு பலகை, ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிச்சு விடுங்க. பாத்ரூம் தரை வீட்டுத் தரைய விட ரெண்டு இஞ்சாவது பள்ளமா இருக்கட்டும். அவங்களுக்கு அந்தப் படி தடுக்கும்னா சின்ன சாய்வுப் பலகை போடுங்க, கைப்பிடிக் கம்பிய சுவர்ல மறக்காம வைக்கச் சொல்லுங்க.

அதுக்கு இடம் இல்ல, பணம் இல்லைன்னா டைல்ஸே வேண்டாம். இடுப்பளவு பக்கம் எழும்புற ஃபைபர் தட்டு மாதிரி ஒண்ணு வச்சு, குழாய் எல்லாம் கீழ வெளிப்படையா தெரியுற மாதிரி விடுங்க, ஒழுகுனா அன்னைக்கே தெரியும்.

புது வீடு, படி கான்கிரீட், மேல்மாடி மரம். குடிபோனப்போ கடைசிப் படியும் தரையும் சமமா இருந்துச்சு. இப்போ தரை அரை இஞ்சுக்கு மேல இறங்கி கால் தடுக்குது. அஸ்திவாரம் உக்காந்துடுச்சா?
(தட்டோன் வாசகர்)

சுவர்ல விரிசல் எதுவும் எழுதலையே, அப்படின்னா அஸ்திவாரமா இருக்காது, பச்சை மரம் வாங்கியிருப்பீங்க. மரம் நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, அகலத்துலதான் சுருங்கும். 12 இஞ்ச் உத்திரம் பச்சையா போட்டா காயும்போது அஞ்சு சதவீதம்னு வச்சாலும் அரை இஞ்சுக்கு மேல போயிடும், அதுக்கு மேல குறுக்குச் சட்டம் வேற உக்காந்திருந்தா அதுவும் சேரும். பக்கத்துல கான்கிரீட் படி அப்படியே நிக்கும். ஆசாரிகிட்ட சொல்லி கடைசிப் படி மேல பலகை ஒட்டுறத விட, இன்னும் ஒரு வெயில் காலம் போகட்டும், அப்புறம் தரைய அளந்து பாத்து அசைவு நின்னுருச்சுன்னா படியோட மேல் பூச்சக் கொத்தி இறக்குங்க. அதுக்குள்ள செய்யுற வேலை ரெண்டு செலவு.

இனிமே கட்டுறவங்க கவனிக்க வேண்டியது, மரத்த மழைக்காலம் முடிஞ்சு வாங்கி, இடைக்கட்டை போட்டு அடுக்கி, மேல தகரம் மட்டும் மூடி, பக்கம் காத்தாட விட்டு அந்த வெயில் காலம் முழுக்க காய விடுங்க. பிளாஸ்டிக் ஷீட்டால சுத்தி மூடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதுக்குள்ள காளான்தான் வளரும்.

நர்கிஸ் புயல்ல எங்க தகரக் கூரை மொத்தமா பறந்துச்சு. இப்போ கீழ்மாடிய கான்கிரீட் ஆக்கிட்டோம், இனி பயம் இல்லதானே?
(துவாண்டே வாசகர்)

2008 மே மாசம் அந்த ராத்திரிய டெல்டா பக்கம் யாரும் மறக்கல. ஆனா உங்க கேள்விக்கு பதில் இல்லைங்கறதுதான். காத்து கூரைய அமுக்குறத விட மேல உறிஞ்சித் தூக்கும், கீழ எவ்வளவு கான்கிரீட் இருந்தாலும் தகரம் ஆணில மட்டும் நின்னா தகரம் போகும், தகரம் நல்லா பிடிச்சு சட்டம் ஆணில நின்னா சட்டத்தோட போகும். தகரத்துல இருந்து ரீப்பர், ரீப்பர்ல இருந்து கைமரம், கைமரத்துல இருந்து தூண், தூண்ல இருந்து கான்கிரீட் பீம்னு ஒவ்வொரு இடத்துலயும் இரும்புப் பட்டையோ போல்ட்டோ இருக்கான்னு ஒரு நாள் ஏணி போட்டு ஏறிப் பாருங்க. ஆணி நேரா அடிச்சா காத்து இழுக்குற திசைலயே அது உருவிக்கும், பட்டை சுத்தி ரெண்டு பக்கமும் அடிச்ச ஆணி உருவாது. தகரத்துக்கு வாஷர் வச்ச ஸ்க்ரூ, ஓரத்துலயும் முகட்டுலயும் இரண்டு மடங்கு நெருக்கமா. இறவாணம் ரொம்ப வெளிய நீட்டாதீங்க, மழைக்கு நல்லதுதான், காத்துக்கு அதுதான் கைப்பிடி. ரெண்டரை அடி போதும்.

வெளிநாட்டுல இருபது மாடி மரத்துல கட்டுறாங்களாம், கான்கிரீட்டும் கலந்து. நம்ம பழைய ரங்கூன் வீட்டு மரத் தரை மேல ரெண்டு இஞ்ச் கான்கிரீட் ஊத்தி கெட்டிப்படுத்துற முறையும் இருக்காமே, செய்யலாமா?
(ரங்கூன் வாசகர்)

கட்டுறாங்க. அமெரிக்கால மில்வாக்கில அசென்ட்னு 25 மாடி, 2022ல முடிச்சது, கீழ ஆறு மாடி கான்கிரீட், மேல பலகைங்கள ஒட்டிச் செஞ்ச மரம், யோசிச்சா நம்ம தைக்கானேதான். நார்வேல மியோஸ்டோர்னெட்னு 85 மீட்டர் மரக்கோபுரம், அதுல தலைகீழ், மேல் மாடிகளுக்குத்தான் கான்கிரீட் தளம் போட்டாங்க, கட்டடம் ரொம்ப லேசா இருந்து காத்துல ஆடி உள்ள இருக்குறவங்களுக்கு தலை சுத்தக் கூடாதுன்னு எடைக்காக.

நீங்க கேக்குற தரை முறை ஐரோப்பால பழைய கட்டடத்துல செய்யுறது. உத்திரத்துல ஸ்க்ரூவ சாய்வா இறக்கி தலைய வெளிய விட்டு, பலகை மேல ஷீட் விரிச்சு, வலைக்கம்பி போட்டு, ரெண்டு ரெண்டரை இஞ்ச் கான்கிரீட் ஊத்துவாங்க. ரெண்டும் ஒண்ணா வேலை செய்யும், மேல அமுக்கத்த கான்கிரீட் வாங்கும், கீழ இழுவைய மரம் வாங்கும், தரை அசையாது, சத்தமும் கீழ போகாது. எல்லாமே அந்த ஸ்க்ரூலதான் இருக்கு, ஸ்க்ரூ இல்லாம சும்மா ஊத்துனா மரத்துக்கு வெறும் சுமை. ரெண்டரை இஞ்சுன்னா சதுர அடிக்கு 14 கிலோ கூடுது, நிலநடுக்க ஊர்ல அந்த எடைய உங்க பழைய செங்கல் சுவரும் அஸ்திவாரமும் தாங்குமான்னு எஞ்சினியர் எழுதிக் குடுக்கணும், உத்திரத்தோட முனை சுவருக்குள்ள மக்காம இருக்கான்னு துளை போட்டுப் பாக்கணும். தரை அசையுதுங்கறதுதான் பிரச்சனைன்னா நடுவுல ஒரு உத்திரமும் ரெண்டு தூணும் குடுங்க, கால்வாசி செலவுல முடியும். எனக்கு அந்த கான்கிரீட் முறை பிடிக்கும், ஆனா உங்க வீட்டுக்கு அவசியம் இல்ல.

தேக்கா பியிங்கடோவா?
(பெயர் போடாத ஒருத்தர்)

தூணுக்கும் உத்திரத்துக்கும் பியிங்கடோ, ஜன்னல் கதவுக்கு தேக்கு. பியிங்கடோல ஆணி நேரா அடிச்சா ஆணிதான் வளையும், துளை போட்டுட்டு அடிங்க. ரெண்டுலயும் வெள்ளைக்கட்டை இல்லாம பாத்து வாங்குங்க, தேக்குன்னு பேரு இருந்தாலும் வெள்ளைய கரையான் தின்னும். ரசீது இல்லாத மரம் எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க.

கீழ்மாடி பீம் வார்த்து பத்து நாள் ஆச்சு, மேஸ்திரி நாளைக்கே மரத்த ஏத்துறேங்கறாரு. மழை வேற வருது, விடலாமா?
(நியாங்லேபின் வாசகர்)

அடிக்கட்டையும் தூணும் நிறுத்தலாம், பீமுக்குக் கீழ முட்டு இருக்குற வரைக்கும். முட்டு இன்னும் எடுத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன், எடுத்திருந்தா உடனே திரும்ப வைக்கச் சொல்லுங்க. தகரமும் பலகையும் முழு எடையா ஏத்துறத 28 நாள் கழிச்சு வச்சுக்கோங்க. மழை கான்கிரீட்டுக்கு நல்லதுதான், முதல் ஏழு நாள் ஈரமா இருக்கணும்னு நாம தண்ணி ஊத்துறத அது ஊத்துது. மரத்துக்குத்தான் கஷ்டம், அடிக்கட்டை வைக்குற அன்னைக்கு பீம் மேல தேங்கி நிக்குற தண்ணியத் தொடைச்சுட்டு தார் ஷீட்ட விரிக்கச் சொல்லுங்க, போல்ட் துளை வழியா தண்ணி இறங்காம வாஷருக்கு அடில கொஞ்சம் தார் வைக்கச் சொல்லுங்க. கூரை போடுற வரைக்கும் நட்ட கையால முடுக்கி விட்டா போதும், முழுசா முடுக்குறது தூண் எல்லாம் நூல் பிடிச்சு நேர் பாத்ததுக்கு அப்புறம்.